சீயக்காய் போட்டுத் தேய்த்த தொட்டி

எக்கா,

பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். வந்ததும் பெட்டியைத் திறந்து, துவைக்க வேண்டிய துணிகளை வாரி என் மடியில் போட்டாள். அவள் ஆலையில் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டும் அதில் கிடந்தது. எடுத்து உதறினேன். மண்ணெண்ணெய் வாசம் வந்தது. அடுப்பு மண்ணெண்ணெய் இல்லை. அதற்கு அடியில் புளித்த அமில நெடி, அதற்கும் அடியில் நம் மருந்து டிரம்மைத் திறந்தால் வருமே ஒரு திகட்டுகிற வாசம், அது. ரேஷன் கடையிலேயே மண்ணெண்ணெய் அருகிப்போன இந்த நாளில், அந்த வாசம் என் வீட்டுக் கூடத்தில் வந்து நிற்கும் என்று நான் நினைத்தேனா? கோட்டை வாளியில் முக்க மனம் வரவில்லை.

"ஆச்சி, தொவைக்கச் சொன்னா மோந்து பாத்துக்கிட்டு இருக்கியே" என்று அவள் சிரித்தாள்.

அதுதான் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் பெரிது பெரிதாக எழுதுகிறேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து, அதற்கு மேல் அழகாக வராது.

முதலில் பிள்ளைகள் சேதி. நீ உதட்டைச் சுழிப்பது இங்கிருந்தே தெரிகிறது, இருந்தாலும் சொல்லாமல் விடமாட்டேன். மூத்த பேரன் பேங்க் பரீட்சையில் தேறி சேரன்மகாதேவியில் வேலை பார்க்கிறான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தனி நாற்காலி. இளையவன் குறுக்குத்துறை ஆற்றில் விழுந்து விழுந்து பழகின நீச்சலை வைத்தே மாவட்டக் கோப்பை வாங்கிவிட்டான். கோப்பை டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது, தினமும் நான்தான் துடைக்கிறேன். இந்தப் பேத்தி இருக்கிறாளே, நாம் தகடு உரித்துக்கொண்டிருந்த காலத்தில் பால்வாடிக்குப் போனவள், இன்ஜினியரிங் படித்து முதல் வகுப்பில் தேறி, வடக்கே ஓர் ஆலையில் இருக்கிறாள். என்ன ஆலை என்று நினைக்கிறாய்? அமிலத் தண்ணீரில் இருந்து எண்ணெய் வைத்துச் செம்பு எடுக்கிற ஆலை. நம் வேலையேதான். நம்முடைய தொட்டி மாட்டுத் தொட்டி என்றால் அவளுடையது தெப்பக்குளம்.

"ஒம் பேரப்புள்ளைய புராணம் முடிஞ்சுதாட்டி, இல்ல இன்னும் ரெண்டு காண்டம் கெடக்கா?" என்பாய். முடிந்தது. இனி உன் கதைதான்.

பேட்டையில் நம் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. நீ உடன்குடியில் இருந்து வந்து என் பக்கத்து வீட்டு அறையை வாடகைக்கு எடுத்தபோது, நான் உன்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போய் முதலாளி அண்ணாச்சி முன்னால் நிறுத்தியது அங்கே இருந்த கேட்டு வழியாகத்தான். புருஷன் போனபிறகு தம்பி வீட்டில் கருப்பட்டி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு இருந்தவள் நீ. தம்பி கெட்டவன் இல்லை என்று எப்போதும் சொல்வாய். "ஆனா அங்கன குளிக்கப் போவணும்னாலும் கேட்டுத்தான் போவணும். ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லமாட்டாவ. ஆனா கேக்கணும்." அந்தக் கேட்பது பொறுக்காமல்தான் பஸ் ஏறினாய்.

கம்பெனியில் வந்து இறங்கியது பித்தளைப் பட்டறைச் சாம்பலும் கருகின வயரும். அதை அமிலத்தில் ஊறவைத்தால் தண்ணீர் மயில் கழுத்து நிறத்துக்கு வரும். செம்பு அதற்குள் இருக்கிறது, கூடவே இரும்பும் துத்தநாகமும் இருக்கிறது. செம்பை மட்டும் எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் அந்த மருந்து. கப்பலில் வந்த டிரம், தேன் மாதிரிக் கட்டியாக இருக்கும். அதை மண்ணெண்ணெயில் கரைத்து, நீலத் தண்ணீரோடு சேர்த்துக் கலக்கியில் விட்டு அடிப்பார்கள். பிறகு நீளத் தொட்டியில் பைய ஓடவிடுவார்கள். எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும். அதற்குள் செம்பு தண்ணீரை விட்டு எண்ணெய்க்குள் ஏறியிருக்கும்.

முதல் நாள் கெமிஸ்ட் சார் உனக்கு அதைச் சொன்னார். பாளையங்கோட்டைக்காரர், வழுக்கை, எதற்கும் சத்தம் போடாத மனிதர். "இந்த எண்ணெய்க்குச் செம்பு மேலதான் ஆசை. பக்கத்துல நிக்க இரும்ப ஏறெடுத்தும் பாக்காது."

"எங்க மாமியா மாதிரின்னு சொல்லுங்க சார். மகன் வந்தா எந்திப்பா, மருமவ நிக்கது கண்ணுலயே படாது" என்றாய். சார் சிரிக்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

உள்ளே ஏறின செம்பை, கடுமையான அமிலத்தைக் காட்டினால் எண்ணெய் அப்படியே கக்கிவிடும். சுத்தமான நீலத் தண்ணீராக வரும் அதில் கரண்டு விட்டால், எஃகுத் தகட்டின் மேல் செம்பு தோலாகப் படியும். அந்தத் தோலை உரிக்கிற வேலைதான் நமக்கு. கையுறை போட்டுக்கொண்டு நீ வலது ஓரம், நான் இடது ஓரம். உளியை நுழைத்து ஒரு தட்டுத் தட்டி, இரண்டு பேரும் ஒரே மூச்சில் இழுத்தால் பிறந்த பிள்ளையின் உள்ளங்கால் நிறத்தில் ஒரு தகடு கையோடு வரும். ஒருத்தி முந்தி இழுத்தால் கிழிந்துவிடும். நீ ஒருநாளும் முந்தியதில்லை. நான் பேத்தி பேச்சில் முந்திவிடுவேன், அதற்குத் திட்டு வாங்குவேன்.

நீ சேர்ந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. நாளை ஒரு நாள் தொட்டிக்கு ஓய்வு என்று எண்ணெயை எல்லாம் டிரம்களில் இறைத்து வைத்தார்கள். சார் வீட்டுக்குப் போகும் அவசரத்தில், "தொட்டிய வெறுந்தண்ணி விட்டு அலசுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினோம். சுவரெல்லாம் பிசுபிசுவென்று எண்ணெய். நான் தண்ணீரை அடித்து ஊற்றினேன், அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

நீ இடுப்பில் கை வைத்து நின்றாய். "ஏட்டி, எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வெறுந்தண்ணியத் தலையில விட்டா பிசுக்கு போவுமா?"

"போவாது எக்கா."

"பெறவு? சாமி கும்பிடப் போற தொட்டி. நாளைக்குச் சந்தனம் வச்சா ஒட்டாண்டாமா?"

ஓடிப்போய் உன் அறையில் இருந்து சீயக்காய்ப் பொடியை எடுத்து வந்தாய். தேங்காய் நாரால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாய். கலக்கியின் இலைகளைக்கூட விடவில்லை. தொட்டி பளபளவென்று ஆனது. பிறகு சந்தனம், குங்குமம், மாவிலை, வாசலில் பூசணிக்காய். பொரிகடலை தின்றுகொண்டே அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாய். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சீயக்காய். நமக்குப் பிறந்தது முதல் தெரிந்தது அதுதானே?

விஜயதசமி அன்று தொட்டியை ஓட்டினார்கள். கோடு விழவில்லை.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு நிற்குமே, அது இல்லை. தொட்டி முழுக்கப் பால் திரிந்த காப்பி மாதிரிக் கலங்கி நின்றது. நடுவில் பழுப்பு நுரை கட்டி, வழிந்து, தரையில் ஓடியது. எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து கரண்டுத் தொட்டிவரை போய்விட்டது. நாம் தகட்டை இழுத்தால் தோல் வரவில்லை. கருகின தோசை மாதிரிக் கையில் உதிர்ந்தது.

சார் அந்த நுரையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். "தொட்டியக் கழுவுனது யாரு?"

நீ முன்னால் போய் நின்றாய். "நாந்தான் சார்."

"எத வச்சுக் கழுவுன?"

"சீயக்கா."

"சீயக்காயா?"

"நல்ல சீயக்கா சார். கடையில வாங்குனதில்ல. வெந்தயம் போட்டு நானே அரச்சது."

சார் பக்கத்தில் கிடந்த டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: நுரைக்கிற எதுவும் எண்ணெயையும் தண்ணீரையும் கைகோக்க வைத்துவிடும், பொடி வேறு நடுவில் புகுந்து இரண்டையும் விலகவிடாது, மூலையில் ஒட்டியிருந்தது போதும், முழு எண்ணெயும் கெட்டுவிட்டது.

முதலாளி அண்ணாச்சிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "ஏம்மா, இது என்ன ஒங்க மாமியா தலையா? கப்பல்ல வார மருந்து! இன்னொருக்கா வாங்க எனக்குத் தெம்பு கெடையாது." சாரிடம் திரும்பினார். "என்னவே, இது தெளியுமா தெளியாதா?"

"முயற்சி பண்ணுவோம் அண்ணாச்சி."

"தெளிஞ்சா இவ இருக்கட்டும். தெளியலன்னா உடன்குடி வண்டி ஏறட்டும். சொன்ன பேச்சக் கேக்காத ஆளு எனக்கு வேண்டாம்."

சார் விருதுநகரில் இருந்து மூட்டை மூட்டையாக மண் வரவழைத்தார். எண்ணெய் மில்லில் சமையல் எண்ணெயை வெளுக்கப் போடுகிற மண். "இதுக்கா சார் அம்புட்டுத் தூரம்? நம்ம கொளத்துல வண்டல் அள்ளிட்டு வரட்டா?" என்று கேட்டாய். அந்த நிலையிலும் உனக்கு வாய் அடங்கவில்லை.

"நீ ஒண்ணும் அள்ள வேண்டாம் தாயி. சும்மா நில்லு, அதுவே பெரிய ஒத்தாச" என்றார்.

அந்த மண்ணை எண்ணெயில் கலந்து, துணியில் ஊற்றி வடித்தோம். மண் அழுக்கைப் பிடித்துக்கொண்டு துணியில் தங்கும், எண்ணெய் கீழே இறங்கும். ஒரு டிரம் முடிந்தால் அடுத்தது. நீ யாரோடும் பேசாமல் வடித்தாய். ஒரு மத்தியானம் உன் அறைக்கு வந்தேன். உன் தகரப் பெட்டி கட்டி வாசலோரம் இருந்தது.

"ஏன் எக்கா அதுக்குள்ள கட்டிட்ட?"

"அவிய வெரட்டும்போது பெட்டி கட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுட்டி. கேவலமா இருக்கும்." பெட்டியைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டுச் சொன்னாய்: "போறது கூடப் பெருசில்ல. வெரட்டிவிட்டதால வந்தவன்னு ஆயிப்போவும். பெறவு ஆயுசுக்கும் கேட்டுக்கேட்டுத்தான் சோறு திங்கணும்."

எனக்கு அழுகை வந்தது. உனக்காக மட்டும் இல்லை. வலது ஓரத்தை யார் பிடிப்பார்கள் என்றுதான் என் புத்தி போனது.

வடித்து முடித்த அன்று சார் உயரமான கண்ணாடிக் குடுவை ஒன்றில் பாதி எண்ணெய், பாதி நீலத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி மேசைமேல் வைத்தார். எல்லாரும் சுற்றி நின்றோம். முதலாளி அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார். நீ மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய்.

"என்னால பாக்க முடியாது. நீ பாத்துச் சொல்லு."

குடுவை கலங்கித்தான் இருந்தது. காப்பி நிறம். பிறகு அடியில் ஒரு நீலம் தெரிந்தது. நெல்லிக்காய் நெல்லிக்காயாக எண்ணெய் உருண்டைகள் மேலே ஏறின. ஏற ஏற நீலம் அகலமாகியது. சீவி முடித்த தலையில் வகிடு தெரிவது போல, நடுவில் ஒரு கோடு. மெலிசாக, நேராக.

"விழுந்துட்டு எக்கா!"

நீ திரும்பவில்லை. "நல்லாப் பாரு. பொய் சொல்லாத."

"விழுந்துட்டுங்கேன்!"

அப்போதுதான் திரும்பினாய். குடுவையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் இன்றுவரை வேறு யாரிடமும் பார்த்ததில்லை. முதலாளி அண்ணாச்சி வெளியே போகிற போக்கில், "நாளைக்கு வேலைக்கு வா. வரும்போது தலைக்குக் குளிக்காம வா" என்றார். எல்லாரும் சிரித்தோம். நீதான் அதிகம் சிரித்தாய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எண்ணெய் தெளிந்தால் வேஷம் கட்டிக் காணிக்கை பிரித்துச் செலுத்துவதாகக் குலசை முத்தாரம்மனுக்கு நீ நேர்ந்திருக்கிறாய் என்பதே அடுத்த தசராவில்தான் தெரிந்தது. குலசைக்குப் போகுமுன் போலீஸ் வேஷம் கட்டி, மைக்கோட்டு மீசையோடு உண்டியல் குலுக்கிக்கொண்டு கம்பெனிக்குள் வந்தாய். முதலாளி அண்ணாச்சி எழுந்து சல்யூட் அடித்துவிட்டு, "என்ன கேசு அய்யா?" என்றார். "சீயக்கா கேசு. ஒம்மத்தான் தேடுதோம். ஏழப்பொம்பளைய மெரட்டுனீராமே?" என்று லத்தியைத் தட்டினாய். காணிக்கையைப் போட்ட பிறகுதான் அவரை விட்டாய்.

அதன்பிறகு எத்தனையோ தகடு உரித்தோம். உன் மயிரும் என் மயிரும் சேர்ந்தே நரைக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் உன் தம்பிக்குப் பனையில் இருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்று சேதி வந்தது. நீ பெட்டியை எடுத்தாய். எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"எந்த வீட்டுக்குப் போவக் கூடாதுன்னு அன்னைக்கு மண்ணுல எண்ணெய வடிச்சோமோ, அதே வீட்டுக்கா போற?"

நீ சேலையை மடித்துக்கொண்டே சொன்னாய்: "அன்னைக்குப் போயிருந்தா வெரட்டுனதால போனவ. இன்னைக்கு நானாப் போறேன். ரெண்டும் ஒண்ணாட்டி?"

"எப்பம் வருவ?"

"அவன் எந்திச்சு நடந்தா வந்துருவேன்."

அவன் எழுந்து நடந்தான். நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் தம்பி கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றான். "எக்கா சொன்னதுதான் இங்கன எல்லாம். சாவி கூட அவ இடுப்புலதான் கெடந்துச்சு. நாங்கதான் அவட்ட கேட்டுக்கேட்டு நடந்தோம்" என்று அழுதான். அழுகையோடு அழுகையாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது எக்கா. கேட்டுக்கேட்டு நடக்கிற வீட்டில், கேட்கிறவர்களை மாற்றிவிட்டாயே.

இப்போதும் காயப்போட்ட சேலையை மடிக்கும்போது என் கை இடது ஓரத்துக்குத்தான் போகிறது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைக்கிறது. மருமகள் வந்து பிடிப்பாள். நல்லவள்தான், ஆனால் முந்தி இழுப்பாள்.

நேற்று வீட்டில் ஒரே சத்தம். பேத்திக்குக் கடல் தாண்டி, எங்கோ ஒரு பாலைவனத்துச் செம்புச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். இதே எண்ணெய், இதே தொட்டி. மகன் கூடாது என்கிறான். மருமகள் அழுகிறாள். கடைசியில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் அனுப்ப மனசில்லை. இன்னொருத்தியைப் பஸ் ஏற்றிவிட்டு வாசலில் நிற்க இந்த வயசில் என்னால் ஆகாது. ஆனால் வாயில் வந்தது உன் பேச்சுதான்.

"ஏட்டி, இப்பம் இருக்க எடத்துல ஒன்ன யாரும் வெரட்டலையே?"

"இல்ல ஆச்சி. போவாதன்னு கெஞ்சுதாவ."

"நீயாத்தான் போறியா?"

"நானாத்தான் போறேன்."

"அப்பம் போ" என்றேன். மகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். என்னிடம் நீ விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான் எக்கா. இந்த வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் அதைத்தான் கேட்கிறேன். பதில் சரியாக இருந்தால், எனக்கு எவ்வளவு வலித்தாலும் வழியை விட்டுவிடுகிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உன் படம் என்று என்னிடம் இருப்பது, கம்பெனி அட்டையில் ஒட்டியிருந்த அந்தச் சின்னப் படம் மட்டும்தான். எடுத்தவனை முறைத்துக்கொண்டு இருக்கிறாய், தலையில் ஒரு நரை இல்லை. அதைப் பார்த்து எக்கா என்று கூப்பிட இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் உன்னை என் மகள் என்பார்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உடன்குடி வீட்டை ஆண்டாயாமே, அந்தக் கோலத்தில் நான் உன்னைப் பார்க்கவே இல்லை. அப்படியே வாசலில் நின்று புதுசாக ஒரு படம் எடுத்து அனுப்பி வை. தபாலில் அனுப்பு. போனில் அனுப்பினால் எனக்குத் திறக்கத் தெரியாது.